அப்பாவுக்கு மட்டும் தனித் தட்டு எதற்கு?



சனிக்கிழமை இரவு. காஜாங்கில் ஒரு தாமான். அங்கே ஒரு வரிசை வீட்டில் ஸ்பாகெட்டி தயாராகிக்கொண்டிருக்கிறது. வாரம் முழுவதும் பிள்ளைகள் கேட்டு நச்சரித்த சாப்பாடு. மேசையில் நான்கு தட்டுகள். மூன்றில் ஸ்பாகெட்டி, நான்காவது தட்டில் சப்பாத்தி. அது அப்பாவின் தட்டு. கிளினிக்கில் இனிப்புநீர் என்று சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் அவருக்குத் தனிச் சமையல்தான். பிள்ளைகள் முள்கரண்டியைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிடுகிறார்கள். அவர் சத்தமில்லாமல் சப்பாத்தியைப் பிய்க்கிறார். எல்லாரும் உறங்கப் போன பிறகு, சமையலறையில் நின்றுகொண்டே சட்டியில் மிச்சமிருப்பதை வழித்துச் சாப்பிடுகிறார்.

இது குறிப்பிட்ட எந்தக் குடும்பத்தின் கதையும் அல்ல. ஆனால், காஜாங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இதைக் கேட்டுவிட்டு, "எங்கள் வீட்டைப் பார்த்தே சொன்ன மாதிரி இருக்கிறதே" என்று சிரிக்கக்கூடியவர்கள் பலர் உண்டு.

அந்தச் சப்பாத்தியிலிருந்தே தொடங்குவோம். ஒரு சப்பாத்திக்குச் சுமார் 30 கிராம் ஆட்டா மாவு பிடிக்கும். அதில் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. "சோறு இல்லை, சப்பாத்திதானே" என்று நான்கு சாப்பிட்டால் 80, 90 கிராம் ஆகிவிடும். இப்போது ஸ்பாகெட்டி. ஒரு பொட்டலம் 500 கிராம். நால்வர் பங்கிட்டால் ஆளுக்கு 125 கிராம். காய்ந்த ஸ்பாகெட்டியில் 100 கிராமுக்குச் சுமார் 75 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஆக ஒரு தட்டில் 94 கிராம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நார்ச்சத்தில் ஆட்டாவுக்குக் கொஞ்சம் மேன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தன் தட்டில் இருப்பது மருந்து, பிள்ளைகளின் தட்டில் இருப்பது விஷம் என்று அப்பா நினைத்திருந்தால், அந்தக் கணக்கு சரியாக வரவில்லை.

அதைவிடப் பெரிய தவறு மேசையின் மறுபக்கத்தில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வு, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டையும் தாண்டியது. மூன்று இனங்களில் முதலிடம். எந்தப் பரிசும் கிடைக்காத முதலிடம். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது ஆறுதல்தான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. நீரிழிவு உள்ள ஐவரில் இருவருக்கு, தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது.

இந்த எண்களை அந்த மேசைக்குக் கொண்டுவந்து பாருங்கள். அப்பாவுக்கு இருப்பது தெரியும். அம்மாவுக்கு? அவர் கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்தார்? பெரும்பாலும் கடைசிப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது. கர்ப்ப காலத்தில் இனிப்புநீர் வந்து போன பெண்களுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்லியிருப்பார்கள். வீட்டு வேலையில் அது மறந்தே போயிருக்கும். நோய் தெரிந்தவருக்குத் தனிச் சமையல் செய்துவிட்டு, தெரியாதவர் முழுப் பங்கையும் சாப்பிடுகிறார். எனவே, இரண்டு அடுப்பு வேண்டாம். ஒரே சட்டி, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. ஸ்பாகெட்டியைக் கைவிடாமல் அதை எப்படிச் செய்வது என்பதே இன்றைய பேச்சு.

கொஞ்சம் பழைய கதையும் வேண்டும். 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டார்கள். நாட்டின் தொடக்ககால ரப்பர்த் தோட்டங்களில் அது ஒன்று. அப்படிப்பட்ட தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, மரம் மரமாக நடந்து பால் வெட்டி, தோளில் வாளி சுமந்தவர்களுக்கு ஒரு குன்று சோறு தேவைப்பட்டது. தின்றது அத்தனையும் உழைப்பில் எரிந்தது. பேரப்பிள்ளைகள் இன்று காரிலும் ரயிலிலும் போய்க் கணினிக்கு முன் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். வேலை மாறிவிட்டது, தட்டின் அளவு மாறவில்லை. சோற்றுக்குப் பதில் சில நாள் மீ கோரேங், சில நாள் ஸ்பாகெட்டி. குன்று அதே குன்றுதான்.

இனி ஸ்பாகெட்டியின் தரப்பையும் கேட்டுவிடுவோம். அது குற்றவாளி அல்ல. டூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையை இறுகப் பிசைந்து அழுத்தி இழுப்பதால், அதன் புரதம் வலைபோல் மாவுச்சத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே வெள்ளை ரொட்டியைவிடவும் வெள்ளைச் சோற்றைவிடவும் மெதுவாகவே இரத்தத்தில் சர்க்கரையாக இறங்குகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. நடுவில் சிறிது கடிபடும் பதத்தில் இறக்க வேண்டும். குழந்தைக்கு ஊட்டுவதுபோல் குழைய வேகவைத்தால் அந்த வலை அவிழ்ந்துவிடும், நன்மையும் போய்விடும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இந்தக் குழைவுதான். இடியாப்பம் சாப்பிட்டுப் பழகிய நாக்கு மென்மையைத் தேடுகிறது. ஆக, சிக்கல் இரண்டு: அளவு, பதம்.

மூன்றாவது சிக்கல் போத்தலில் இருக்கிறது. கடையில் வாங்கும் ஸ்பாகெட்டிக் குழம்பின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 'ஜும்லா கூலா' என்ற வரியில் மொத்தச் சர்க்கரை போட்டிருக்கும். தக்காளியின் சொந்தச் சர்க்கரையும் அதில் அடக்கம் என்றாலும், அதற்கு மேலே சேர்த்தது எவ்வளவு என்பதை நாக்கே சொல்லிவிடும். நான்கு கிராம் சர்க்கரை ஒரு தேக்கரண்டி. பெருக்கிப் பார்த்துவிட்டுப் போத்தலைக் கூடையில் போடுங்கள், அல்லது அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

பொலோஞ்யா என்ற இத்தாலிய நகரத்தின் பெயரால் இங்கே 'பொலோனேஸ்' என்று சாப்பிடுகிறோமே, அந்த ஊர்க்காரர்கள் அந்தக் கறிக்குழம்பை ஸ்பாகெட்டியோடு பரிமாறுவதில்லை. தட்டையான தாலியாத்தெல்லே நாடாக்களோடுதான் சாப்பிடுவார்கள். இத்தாலியச் சமையல் கழகம் 1982ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் அந்தக் குழம்பின் செய்முறையைப் பொலோஞ்யா வணிகச் சங்கத்தில் முறைப்படி பதிவே செய்து வைத்தது. அதில் சர்க்கரை கிடையாது. தக்காளியின் புளிப்பை அடக்க அவர்கள் சேர்ப்பது பால். நமக்கு இது நல்ல செய்தி. புளிப்பு தூக்கலாக இருக்கிறது என்று சர்க்கரை டப்பாவை எடுக்கும் கையை, பால் பெட்டி பக்கம் திருப்பினால் போதும்.

இப்போது சமையலுக்கு வருவோம். நால்வர் குடும்பத்துக்கான அளவு இது.

ஸ்பாகெட்டி 200 கிராம் மட்டும். அதாவது பொட்டலத்தில் பாதிக்கும் குறைவு. குறைந்த இடத்தை நிரப்பக் காய்கறி 700 கிராம். 'மாவுச்சத்தே கூடாது' என்று ஸ்பாகெட்டியை முழுவதும் எடுத்துவிட்டுக் காயை மட்டும் வைத்தால் என்ன நடக்கும்? முதல் வாரம் பெருமையாகச் சாப்பிடுவார்கள். இரண்டாம் வாரம் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். மூன்றாம் வாரம் பழைய பொட்டலம் திரும்பி வரும். முள்கரண்டியில் சுற்றுவதற்கு நிஜ ஸ்பாகெட்டி கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும்.

எந்தக் காய்? வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களில் எல்லாம் சுக்கினியை நூலாகச் சுருட்டுவார்கள். கேமரன் மலையில் விளைகிறது, பேரங்காடியில் கிடைக்கிறது. 100 கிராமில் மூன்று கிராம் மாவுச்சத்துதான். ஆனால் அது தண்ணீர்க் காய். நீளமாகச் சீவி, அரைத் தேக்கரண்டி உப்பு தூவிக் கால் மணி நேரம் வைத்து, ஒருமுறை அலசி, துணியில் போட்டுப் பிழிந்தெடுக்க வேண்டும். பிறகு காய்ந்த குவாலியில் பெரிய தீயில் இரண்டே நிமிடம் வதக்க வேண்டும். மூடி போட்டீர்களோ, சூப் ஆகிவிடும். சுக்கினி நூடல்ஸ் நன்றாகவே இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பிழியாமல் சமைத்தவர்கள்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கோபிஸே இதற்கு மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. முழுக் கோபிஸை நான்காக வெட்டி, நடுத்தண்டை நீக்கி, நீளவாக்கில் மெல்லிய நாடாக்களாக அரிந்துகொள்ளுங்கள். ஸ்பாகெட்டி வேகும் தண்ணீரிலேயே கடைசி ஒரு நிமிடம் போட்டு, இரண்டையும் சேர்த்தே வடித்துவிடலாம். தட்டில் எது ஸ்பாகெட்டி, எது கோபிஸ் என்று பிள்ளைகள் ஆராய்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். பொப்பியாவிலும் ரோஜாக்கிலும் போடும் செங்குவாங்கையும் நூலாகச் சீவி மூன்று நிமிடம் வேகவைத்துச் சேர்க்கலாம், மொறுமொறுப்புக் குறையாது. அதன் மாவுச்சத்தில் பாதி நார்ச்சத்து. பச்சைப் பப்பாளிக்காயும் நன்றாக நிற்கும். தௌகே போட்டால் சுவை மீ கோரேங் பக்கம் சாய்ந்துவிடும். அதைக் குறையாகச் சொல்ல முடியாது. பீர்க்கங்காய் மட்டும் வேண்டாம், கரைந்துவிடும்.

கொன்யாக் கிழங்கில் செய்த வெள்ளை நூடல்ஸ் பொட்டலமும் பேரங்காடிகளில் இருக்கிறது. மாவுச்சத்து அதில் இல்லையென்றே சொல்லலாம். பிரித்ததும் மீன் வாடைபோல் ஒன்று வரும், நன்றாக அலசி வெறும் குவாலியில் வறட்டினால் போகும். ரப்பர் மாதிரி இருப்பதால் வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் நன்றாக மென்று சாப்பிட வேண்டும். விலைக்கு ஏற்ற ருசி இருக்கிறதா என்பது அவரவர் தீர்ப்பு.

குழம்புக்குக் கொத்திய கோழி இறைச்சி 400 கிராம், ஆட்டிறைச்சியானாலும் சரி. சைவர்கள் 300 கிராம் தெம்பேயை உதிர்த்துக்கொள்ளலாம். பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஐந்து பல், கேரட் ஒன்று, டாவுன் சூப் இரண்டு தண்டு, பழுத்த தக்காளி ஆறு, தக்காளி பேஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி, பால் அரைக் கிண்ணம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், மிளகு, உப்பு.

எண்ணெயில் பெருஞ்சீரகம் பொரிந்ததும் வெங்காயம், கேரட், டாவுன் சூப் மூன்றையும் மிகப் பொடியாக நறுக்கிப் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் வதக்குங்கள். அவசரம் கூடாது. குழம்புக்கு இனிப்பைத் தருவது இந்தப் பத்து நிமிடம்தான். பூண்டைச் சேர்த்து வாசனை வந்ததும் தீயைக் கூட்டி இறைச்சியைப் போடுங்கள். முதலில் தண்ணீர் விடும். அது வற்றி, இறைச்சி சட்டியில் பிடித்துப் பழுப்பாக மாறும்வரை காத்திருங்கள். நம் ஆட்டுப் பிரட்டலுக்குச் செய்வது போலத்தான். பிறகு பாலை ஊற்றி வற்றவிட்டு, பேஸ்ட், அரைத்த தக்காளி, உப்பு, மிளகு சேர்த்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். தெம்பேக்கு இருபது நிமிடம் போதும். காரம் வேண்டுவோர் காய்ந்த மிளகாயை இடித்துச் சேர்க்கலாம். கறிவேப்பிலை போடலாமா என்று ஒரு கேள்வி எழும். போடுங்கள், பொலோஞ்யாவிலிருந்து யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

ஸ்பாகெட்டியைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னரே வடித்து, வடித்த நீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டு, குழம்பில் போட்டுப் புரட்டுங்கள். இறுகினால் அந்த நீரைத் தெளியுங்கள். சுக்கினியானால், வதக்கி வைத்ததைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு கலக்க வேண்டும். கலந்ததும் சாப்பிட உட்கார வேண்டும். காத்திருந்தால் நீர் விடும். மேலே ஒரு மேசைக்கரண்டி பார்மேசான் சீஸ் துருவிப் போட்டால் மாவுச்சத்து ஏறாது, உப்புதான் ஏறும். சுத்த சைவர்களுக்கு ஒரு தகவல்: அசல் பார்மேசான், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறையவைக்கப்படுவது.

கணக்குப் பார்ப்போம். ஸ்பாகெட்டி ஆளுக்கு 50 கிராம், அதில் மாவுச்சத்து 37, 38 கிராம். காய்கறியும் குழம்பும் சேர்த்துப் போட்டாலும் ஒரு தட்டு 60 கிராமைத் தாண்டாது. பழைய தட்டில் ஸ்பாகெட்டி மட்டுமே 94. அதோடு போத்தல் குழம்பின் சர்க்கரை, இரண்டு துண்டு பூண்டு ரொட்டிக்கு இன்னொரு 25. தட்டும் நிறைந்திருக்கிறது, வயிறும் நிறைகிறது, சுமை மட்டும் பாதிக்குப் பாதி. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு இதுவே: கால் பங்கு மாவுச்சத்து, கால் பங்கு புரதம், அரைப் பங்கு காயும் பழமும். அந்தச் சுவரொட்டியைக் கிளினிக் சுவரில் பார்த்துவிட்டு, அது சோற்றுக்கு மட்டும்தான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

காஜாங்வாசிகளுக்கு இது புதிதும் அல்ல. ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சாத்தேயைப் பாருங்கள். குச்சியில் இறைச்சி, பக்கத்தில் வெள்ளரியும் வெங்காயமும். அதுவரை மாவுச்சத்து மிகக் கொஞ்சம். கணக்கை ஏற்றுவது நாசி ஹிம்பிட்டும் இனிப்பான கச்சான் குழம்பும்தான்.

இத்தனையும் செய்துவிட்டுப் பக்கத்தில் பெட்டித் தண்ணீர் வைத்தால் பாடு வீண். 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு அரசாங்கம் வரி போட்டது. அந்த எல்லைக்குள் அடங்கும் பானத்திலும் 250 மில்லிலிட்டர் பெட்டியில் 12.5 கிராம் வரை, அதாவது மூன்று தேக்கரண்டி வரை, இருக்க முடியும். வெறும் தண்ணீர் வையுங்கள், எலுமிச்சை ஒரு துண்டு மிதக்கட்டும்.

ஒரு சிறு பழக்கம் கூடுதல் பயன் தரும். காயையும் இறைச்சியையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைப் பின்னால் சாப்பிட்டால் சர்க்கரை ஏற்றம் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒன்றாகப் புரட்டிய ஸ்பாகெட்டியில் இது நடக்காது. எனவே முதலில் ஒரு கிண்ணம் வெள்ளரி, தக்காளி பச்சடியை நடுவில் வைத்துவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகக் கேட்க வேண்டும். இனிப்புநீருக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும், மருத்துவரிடம் சொல்லாமல் ஒரே நாளில் மாவுச்சத்தைப் பாதியாக்கக் கூடாது. மருந்து பழைய சாப்பாட்டுக்கு அளந்து கொடுத்தது. சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். தூக்கத்தில் நடந்தால் வீட்டாருக்கும் தெரியாது. அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999 எண்ணை அழைக்க வேண்டும். டாபாகிலிஃப்ளோசின், எம்பாகிலிஃப்ளோசின் மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் கூடும் வேறொரு ஆபத்து உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் இறைச்சி, தெம்பே அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, 'இரவில் மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறோம், மருந்தை மாற்ற வேண்டுமா' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு சட்டியை அடுப்பில் வையுங்கள்.

அப்பாவிடம் விரலில் குத்திப் பார்க்கும் கருவி இருக்கும். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்துக் குறித்து வைக்கட்டும். நான்கு சப்பாத்தி இரவையும் புதிய ஸ்பாகெட்டி இரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது யாருக்கு ஒத்துக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். ஒவ்வோர் உடம்பும் ஒவ்வொரு விதம்.

அப்பா குறித்து முடித்ததும், ஊசியைப் புதிதாக மாற்றிவிட்டு அம்மாவும் விரலை நீட்டட்டும். இரவு எண் எதுவாக இருந்தாலும் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 7 மில்லிமோலோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் மேற்கொண்டு பார்ப்பார். போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமையே மிச்சக் குழம்பைச் சிறு டப்பாக்களில் உறைய வைத்துவிடலாம். தோசைக்குத் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும். தோசை மட்டும் இரண்டோடு நிற்கட்டும்.